மாட்டு வாளிக்குப் போன சத்து

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததே அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். மகள் பிறந்து மூன்று மாதம். துணைக்கு யாருமில்லாததால், காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து நானே பத்தியம் பிடித்தேன். பருப்பில்லை, காயில்லை, மீனில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று வழக்கமான புழுங்கலரிசியைக்கூட விட்டுவிட்டு, வெள்ளை வெளேரென்ற பச்சரிசியை நாலு தண்ணீர் களைந்து, ரசம் விட்டுச் சாப்பிட்டேன். கழுநீரை, கீழே பால்காரர் தம் மாட்டுக்காக வைத்திருக்கும் வாளியில் ஊற்றிவிடுவேன்.

என் கால்கள் மரத்தன. பொருட்படுத்தவில்லை. குழந்தை பாலைக் கக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை அது முகம் சிவக்க, வாய் திறந்து அழுதது. சத்தம் வரவில்லை.

கணவர் துறைமுக வேலைக்குப் போயிருந்தார். டிரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறி, மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த தமிழ் நர்ஸ், மிஸ்ஸி என்போம், என் சாப்பாட்டை விசாரித்தார். கழுநீர் மாட்டு வாளிக்குப் போவது வரை பெருமையாகவே சொன்னேன். அவர் டாக்டரை அழைக்க ஓடினார். குழந்தைக்கும் எனக்கும் ஊசி போட்டார்கள்.

"சாரத்தை மாட்டுக்குக் குடுத்துட்டு சக்கையைத் தின்னியாம்மா?" என்றார் மிஸ்ஸி. "தவிட்டுலயும் கழுநீர்லயும் போற சத்து உன் உடம்புல இல்லை, அதான் பிள்ளைக்குக் குரலே போச்சு. பால் உன்கிட்டதானே குடிக்குது! பத்தியத்தை விடு. எல்லாம் சாப்பிடு. தவிடு கிடைச்சா அதையும் சாப்பிடு."

குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஓடி, பால்காரரின் மனைவியிடம் கூச்சத்தோடு தவிடு கேட்டேன்.

"உனக்கா?" என்று சிரித்தவர், விஷயம் தெரிந்ததும் புதுச் சாக்கைப் பிரித்தார். "எடுத்துக்க லா. என் மாடு கேட்டா நீயே பதில் சொல்லு."

சலித்து, வறுத்து, வெல்லம் சேர்த்து உருட்டினேன். வாயருகே கொண்டுபோய், மறுபடி கீழே வைத்தேன். பத்தியத்தை மீறுகிறோமே, இதனால் குழந்தைக்கு வேறு ஏதாவது வந்துவிட்டால்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அக்கறை என்று நினைத்தே, பெற்ற பிள்ளையைப் பட்டினி போட முடியும் என்பதை, இன்றும் அரிசி களையும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பிற்பகல் மகள் அழுதாள். கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது.