ஹாரன் கேட்டால் ஒளியும் மகள்

நான் லாரி டிரைவர். பந்தல்குடி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறைதான் வருவேன். மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால், நான் வந்துவிட்டேன் என்று வீட்டுக்குத் தெரியும்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. அவள் என்ன சேட்டை செய்தாலும் என் மனைவி, "இரு, அப்பா வரட்டும்" என்று சொல்லிவிடுவாள். நான் சாப்பிட உட்கார்ந்ததும் அந்த வாரத்துப் புகாரெல்லாம் வரும். அலுப்பில் நானும் அடித்துவிடுவேன். எதற்கு அடி என்பதே பிள்ளைக்கு மறந்து போயிருக்கும்.

போன மாதம் ஹாரன் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளையைக் காணோம். "இப்பத்தானே இங்கன விளையாடிக்கிட்டு இருந்தா!" என்று மனைவி பதறினாள். ஓடித் தேடினோம். கருவேலங்காட்டுக்குள், சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணற்று விளிம்பில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். சத்தம் போடாமல் நெருங்கி வாரித் தூக்கினேன். "இனிமே பாலைக் கொட்ட மாட்டேம்ப்பா" என்று அழுதாள்.

அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது தப்பு செய்தால் அவள் அம்மாவே அப்போதே கண்டிக்கிறாள். பாலைக் கொட்டினால் பிள்ளைதான் துடைக்க வேண்டும், அழுதாலும் விடுவதில்லை. துடைத்ததும் மடியில் உட்கார்த்திக்கொள்வாள். என்னிடம் புகார் வருவதில்லை. நான் கை ஓங்குவதில்லை, ஹாரனும் அடிப்பதில்லை.

ஆனாலும் மனைவி போனில் சொல்கிறாள்: "எந்த லாரி ஹாரன் அடிச்சாலும் பிள்ளை விளையாட்ட விட்டுட்டு எந்திரிச்சு நிக்கிதுங்க."

எங்கள் ரோட்டில் நாளெல்லாம் லாரிதான் போகிறது.