எடுக்க வேண்டாமாம்

ஆராய்ச்சிக்காக இன்று கடலோரக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளைச் சந்தித்தேன்.

"உங்கடை பூங்காவிலை என்ன வேணும்? கீறிக் காட்டுங்கோ" என்று தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்தேன்.

பூங்கா என்று அங்கே இப்போது எதுவும் இல்லை. போன வருடப் புயலில் விழுந்த கூரைச் சீற், ஊறிய மெத்தை, உடைந்த கதவு எல்லாவற்றையும் அதற்குள்தான் கொட்டினார்கள். ஊஞ்சல் கம்பியின் தலை மட்டும் வெளியே தெரிகிறது.

ஒரு சின்னப் பெண் அந்தக் குவியலையே கீறினாள். உச்சியில் தன்னை நிறுத்தியிருந்தாள்.

"ஊஞ்சல் வேண்டாமோ?"

"வேண்டாம் மிஸ். உந்தக் குவியலை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. உதிலை ஏறினா கடல் தெரியும்."

அவள் கையில் அஸ்பெஸ்டஸ் சீற்றின் உடைந்த துண்டு. கெந்தி விளையாட அங்கே எல்லோருக்கும் அதுதான் சில்லு. பறித்து எறிந்தேன். ஓடிப்போய் இன்னொன்று எடுத்துவந்தாள்.

குப்பைக்குப் பொறுப்பான அலுவலருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தச் சீற் நஞ்சு. பிள்ளையள் கையிலை வச்சு விளையாடுதுகள். எப்ப எடுப்பியள்?"

"அது தற்காலிகம்தானே தங்கச்சி."

"போன வருசம் கொட்டேக்கையும் இதைத்தானே சொன்னனீங்கள்?"

"ஓம். இப்ப அந்த இடத்தைத் துப்பரவாக்கிப் பிள்ளையளுக்குக் குடுத்தா, அடுத்த புயலுக்கு எங்கை கொட்டுறது?"

ஆக, எடுக்க வேண்டாம் என்பதில் அலுவலரும் அந்தப் பிள்ளையும் ஒரே கருத்து. மக்கள் விருப்பம் என்று அறிக்கையில் எழுதிவிடலாம்.

மறுப்பு எனக்கு மட்டும்தான். வேறு யாராவது இருந்தால் கீழே பின்னூட்டத்தில் கையைத் தூக்குங்கள்.