சின்னனுக்கு ஒரு பொட்டலம்

கட்டுப் புகையிலை தீர்ந்துபோன சாக்கை உள்வெளியாகத் திருப்பி, தையல் ஓரங்களை விரலால் சுரண்டுகிறார் அப்துல் காதர். உதிர்ந்த இலைத்துண்டுகள் முறத்தில் விழுகின்றன. மண் போகப் புடைத்து, காம்புகளைக் கிள்ளி எறிகிறார். ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அவர் கடையில் இந்த நொறுங்கலை யாரும் வாங்கமாட்டார்கள். மெல்லுகிறவர்களுக்கு முழு இலை வேண்டும்.

நொறுங்கலில் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, இரண்டு நாள் துணியில் மூடி வைப்பார். பிறகு இரு பலகைகளுக்கு நடுவே பரப்பி, மேலே அரிசி மூட்டையைப் போடுவார். ஒரு வாரத்தில் அடையாக இறுகிவிடும். அதை மெல்லியதாகச் சீவி உலர்த்தினால் சுங்கானில், அந்தப் புகைக்குழாயில், அடைக்கலாம். அவருக்குப் புகைக்கும் பழக்கம் கிடையாது. இத்தனையும் ஒரே ஒருவருக்காக.

அவர் மாரமங்கலத்துச் சின்னன். எஸ்டேட் முதலாளி விட்டுப்போன சுங்கானை இன்னும் வைத்திருக்கும் விவசாயி. கொரோனாவில் காதர் படுத்துக் கிடந்தபோது தெருவே ஒதுங்கி நடந்தது. பஸ் ஓடாத அந்த நாட்களில் சின்னன் மட்டும் சனிக்கிழமைதோறும் நடந்தே வந்து, வாசற்படியில் தினையும் கமலாப்பழமும் வைப்பார். "பாய், மூச்சு நல்லா வுடறீங்களா?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்பார். உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் நகர்வார்.

காதர் பிழைத்தார். வாசனை மட்டும் திரும்பவில்லை. மூக்கு செத்தவன் செய்கிற புகையிலை எப்படி இருக்குமோ என்ற கவலை அவரை விட்டதில்லை. பொட்டலம் கொடுக்கும்போதெல்லாம் கேட்பார். "அருமைங்க பாய்" என்பார் சின்னன்.

போன மாதம், கோரைப்பாயை உதறிய காதரின் மனைவி ருக்சானா விடாமல் தும்மினார். "ஏங்க, இதுலயா பொகையில காய வெச்சீங்க? இது மொளவு காயப்போட்ட பாயி." மூன்று வாரமாக அந்த மிளகுப் பாயில்தான் காதர் புகையிலையை உலர்த்தியிருந்தார்.

சனிக்கிழமை விசாரணை நடந்தது.

"ஏனுங்க சின்னண்ணா, காரமா இருந்துச்சா, இல்லியா?"

"கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சுங்க."

"கண்ணுல தண்ணி?"

"அது பனிக்குங்க பாய். நெஞ்சுச் சளி நொம்பக் கொறஞ்சிருச்சு."

"மூணு வாரமா மொளவ இழுத்துப்போட்டு அருமைங்கறீங்களே."

"ஆசையாச் செஞ்சு குடுக்கறீங்க. அதப் போயி எப்படிங்க சொல்றது?"

"உங்க மரியாதையில ஒருத்தர் உசுரு போயிருக்கும்" என்றார் ருக்சானா உள்ளிருந்தே.

இப்போதெல்லாம் காதர் எதுவும் கேட்பதில்லை. புதுப் பொட்டலத்தைப் பிரித்து, "சுங்கானக் குடுங்கண்ணா" என்று கை நீட்டுகிறார். ஒரு சிட்டிகை அடைத்து, நெருப்பு வைத்து, ஒரு இழுப்பு இழுக்கிறார். வாசனைதான் தெரியாது, காரம் தொண்டைக்குத் தெரியும். கண் சிவக்க இருமுகிறார். சின்னன் சங்கடத்தோடு தரையைப் பார்த்து நிற்கிறார். எரிச்சல் இல்லை, வெறும் இருமல்தான் என்று உறுதியான பிறகு, காதர் தோள் துண்டால் சுங்கானின் வாயைத் துடைத்து, இரு கைகளாலும் நீட்டுகிறார்.