பெரட்டில் வாசிக்க முடியாத அறிக்கை

பதுளையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனி அலுவலகத்தில், பத்திரிகைக்கும் பேஸ்புக்குக்கும் அறிக்கை எழுதுவது என் வேலையாக இருந்தது. கொழுந்து, மழை, பாடசாலைக்குக் கொடுத்த அப்பியாசக் கொப்பி என்று சாதுவாகப் போன வேலை, செல்வியின் வீடியோவோடு சூடு பிடித்தது.

செல்வி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "நாங்க குடியிருக்கிற லயத்து மண்ண எங்க பேர்ல எழுதித் தாங்க" என்று தொழிலாளர் வரிசை வீடுகள் நிற்கும் நிலத்தைக் கேட்டு அதில் பேசியிருந்தார். அது தேர்தல் காலம். காணிப் பேச்சில் ஊரே இரண்டுபட்டிருந்தது. கொழுந்து பறிக்கும்போது அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் எங்கள் கம்பெனிப் பெயர் வேறு. பாதிப் பேர் அவரைப் பாராட்டினார்கள், மீதிப் பேர் எங்கள் தேயிலையை வாங்காதே என்றார்கள்.

கொழும்புத் தலைமை அலுவலகத்துப் பெரியவர் போனில் கத்தினார். "அந்தப் பொம்பளைக்கும் நமக்கும் சம்பந்தமில்ல, வேலையில இருந்து நிப்பாட்டியாச்சுன்னு ஒடனே போடுங்க!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் வழக்கத்தைத்தான் சொன்னேன். "தோட்டத்து விஷயத்த மொதல்ல பெரட்டுலதான் சொல்லுவோம் சேர். காலையில தொரை வாசிக்கட்டும், பொறகு போடுறேன்."

வேலை பிரித்துக் கொடுக்குமுன் எல்லாரும் கூடும் இடம் பெரட்டு. மறுநாள் எங்கள் மேனேஜர் தொரை, கொழும்பு சொன்னபடி நான் எழுதிக் கொடுத்த தாளோடு அங்கே வந்தார். முன்வரிசையிலேயே செல்வி கூடையோடு நின்றார். தொரை தாளைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"காணி விஷயத்த முடிவு செய்றது அரசாங்கம். கம்பெனி அதுல யாரு பக்கமும் பேசாது. செல்வி சொன்னது அவங்க கருத்து. பேசினதுக்காக இங்க யாரு வேலையும் போகாது."

யாரும் கை தட்டவில்லை. செல்விதான் கேட்டார், "அப்ப இன்னைக்கு எந்த மலையில கொழுந்துங்க தொரை?"

"எட்டாம் நம்பரு."

அவர் கூடையை மாட்டிக்கொண்டு நடந்தபோது எனக்குக் கண் கலங்கியது. தொரை சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் மும்மொழியிலும் போட்டேன். இரு பக்கத்தாரும் திட்டினார்கள். கொழும்பும் திட்டியது. ஆனால் செல்வியின் வேலை போகவில்லை, தேயிலையும் விற்றது.

அறிக்கை எழுதும் தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இல்லாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உங்கள் ஆளைக் கைவிடாதீர்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் முகத்துக்கு நேரே வாசிக்க முடியாததைப் போடாதீர்கள்.

அடுத்த சர்ச்சை வந்தபோது அதே கொழும்புப் பெரியவர்தான் போனில் கூப்பிட்டார். நான் வாயைத் திறக்குமுன் கேட்டார்: "பெரட்டுல வாசிச்சாச்சா?"