நாற்பதும் எண்பதும்

கட்டைவிரலை ஸ்லைடின் மேலுள்ள மெல்லிய மூடுகண்ணாடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே அழுத்து. மயிரிழை வழுக்கினாலும் அடியில் இருக்கும் வேர்நுனி குழம்பிவிடும். காலையிலிருந்து பார்த்த வேலை பாழ். ஓரத்தில் கசிந்த சிவப்புச் சாயத்தை ஒற்றியெடுத்துவிட்டு ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கிறார். அதற்குப் பிறகு உதடுகள் மட்டும்தான் அசையும். கட்டடமே தீப்பற்றினாலும் அப்போது அவரைக் கூப்பிடக்கூடாது என்பது அந்த அறையின் எழுதாத சட்டம்.

காட்டு ஆர்க்கிட் செடிகளின் குரோமோசோம்களை எண்ணுவது அவர் தொழில். ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், பாசி பிடித்த ஜன்னலோரம், இருபத்தாறு வருடமாக அதே முக்காலி. வருகிற செடிகளில் பாதிக்கு மேல் நாற்பது என்றே விடை வருவதால் ஆய்வு மாணவர்கள் ‘நாப்பதக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. “நாப்பது இருந்தா நாப்பதுன்னுதானே சொல்லணும்? உங்க ஆசைக்கு ரெண்டு சேத்துப் போடவா?”

வேர்நுனியைக் காலை ஒன்பது மணிக்குள் நறுக்கிவிட வேண்டும். “அதுக்கு மேல வேரும் ஆபீஸ் ஆளுங்க மாதிரிதான், வேலை செய்யாது” என்பார். நகக்கணுவில் ஏறிய சாயம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் போகாது. வேலைக்கு வெளியே அவர் எதையும் எண்ணுவதில்லை. “ஊர்ல உள்ள செடிக்கெல்லாம் கணக்கு சொல்றவ, என் மாத்திரை எத்தனை மிச்சம்னு கேட்டா முழிக்கறா” என்பது பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கணவரின் தீராத புகார்.

போன மழைக்காலத்தில்தான் அது நடந்தது. கிழக்குச் சரிவில் ஓர் ஆர்க்கிட் இனம் அருகிப்போய்ப் பதினொரு செடிகள்தான் மிச்சம். மேற்குச் சரிவில் அதே செடி மண்டிக் கிடந்தது. அங்கிருந்து விதை எடுத்து முந்நூறு நாற்று வளர்த்து, கிழக்கே நட்டுவிடுவது இயக்குநரின் நாலு வருடத் திட்டம். இலை ஒன்று, பூ ஒன்று, இதழில் உள்ள புள்ளிகூட ஒன்று. வியாழக்கிழமைக்கு வண்டி சொல்லியாயிற்று. கோப்பில் வைக்க ஒரு குரோமோசோம் அறிக்கைதான் பாக்கி, வெறும் சம்பிரதாயத்துக்கு.

கிழக்குச் செடிக்கு நாற்பது வந்தது. மேற்குச் செடிக்கு எண்பது.

“ரெண்டு செல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும்மா. இன்னொரு தரம் பாருங்க” என்றார் இயக்குநர். நாப்பதக்கா பார்த்தார். ஆறு செடி, முப்பது செல். அத்தனையிலும் எண்பது.

ஓய்வுபெறும் வயது தாண்டி, வருடா வருடம் பணி நீட்டிப்பில் இருப்பவர் அவர். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதும் இதே இயக்குநர்தான். அது தெரிந்துதான் இயக்குநரின் அறைக்குப் போனார்.

“பாக்க அச்சு அசல் ஒண்ணுதான் சார். என்னைக்கோ ஒரு தலைமுறையில ரெட்டிப்பாகி, மேற்கால உள்ளது தனிக்குடித்தனம் போயிடுச்சு. இப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, பூச்சிக்கு என்ன தெரியும்? கலந்துவிட்டுடும். பொறக்கறது அறுபதா இருக்கும். நல்லா வளரும், பூக்கும், விதை மட்டும் பதரு. இருக்கிற பதினொண்ணும் தன் வம்சத்துக்குன்னு ஒரு விதைகூட வைக்காம போயிடும்.”

“இலையில வித்தியாசமில்ல, பூவுல வித்தியாசமில்ல. நாலு வருஷம்மா!”

“நாலு வருஷம் எனக்கும்தான் சார். வந்து நீங்களே எண்ணிப் பாருங்க.”

இயக்குநர் கடைசியாக ஒரு நுண்ணோக்கி முன் முக்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் தரம் எழுபத்துநாலு வந்தது. “மெதுவா சார். ஓரத்துல ஒதுங்கி நிக்கறதையும் சேத்துக்கணும்.” அடுத்த தரம் எண்பத்தொன்று. “இப்ப ஒண்ணை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க.” மூன்றாம் தரம் அவர் கண்ணை எடுக்கவே வெகுநேரமாயிற்று. கைபேசியை எடுத்து, “வண்டி வேணாம்” என்று மட்டும் சொன்னார்.

பதினொரு செடியிலிருந்தே விதை எடுத்து முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவாயிற்று. நாப்பதக்காவுக்கு நீட்டிப்பும் வந்தது, இந்த முறை ஆறு மாதத்துக்கு மட்டும்.

வண்டியை வேண்டாமென்ற அந்த வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போகிற வழியில் அவர் வாசல் பக்கம் நின்றார். வண்டிக்காகக் காலையிலேயே கொண்டுவந்து அடுக்கிய நாற்றுத் தட்டுகள், அன்று பார்த்து அடித்த வெயிலில் கேட்பாரற்றுக் கிடந்தன. கூப்பிட்டுப் பார்த்தார், ஆள் யாரும் இல்லை. சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தார். தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, முதல் தட்டின் மேல் தெளித்தார். பிறகு அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.