அசையாத கண்மணி

என் தாய்மாமா கால்பந்தைத் தலையால் முட்டுவதில் பேர்போனவர். லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். ஈயச் சுரங்கத்து ஆட்களோடு பந்தயம் என்றால் தொழிலாளர் லயத்தில் யாரும் வீடு தங்க மாட்டார்கள்.

அன்று உயர வந்த பந்துக்கு மாமாவும் எதிராளி ஒருவரும் சேர்ந்தே எம்பினார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. மாமா விழுந்தார், அசையவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து சிரித்தார், மறுபடி ஆடவும் போனார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, "யாரு பாப்பா கெலிச்சா?" என்று கேட்டார்.

"நாமதான் மாமா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கேள்வி. பிறகு மறுபடியும். விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே வந்தேன். அண்ணாந்து பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் வாந்தி எடுத்தார். "ஒண்ணும் இல்லக்கா, தலைதான் வலிக்குது. கொஞ்சம் படுத்தா சரியாப் போயிடும்லா" என்று அம்மாவிடம் சொல்லிப் பாயில் சாய்ந்தார். தெம்புக்குக் கொஞ்சம் கள் கொடுக்கலாம் என்றார் அப்பா. அம்மா அதைக் காதில் வாங்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசரை அழைத்து வந்தாள்.

டிரெசர் யாழ்ப்பாணத்தார். அவர் அதட்டினால் லயத்து நாய்கூட வாலைச் சுருட்டும். மாமாவின் இமைகளைத் திறந்து விளக்கைக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு கண்மணி சுருங்கியது. மற்றது கறுத்து, அகன்று, அப்படியே நின்றது. அந்தக் கண் வழியாக வேறு யாரோ என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

"கள்ளு, தண்ணி, ஒண்டும் குடுக்க வேண்டாம். மண்டைக்குள்ள ரத்தம் கட்டுது. இப்பவே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

தோட்டத்துக்கு லாரி வந்த புதிது. துரை உத்தரவில்லாமல் அதை யாரும் தொடக்கூடாது. துரையோ கிளப்புக்குப் போயிருந்தார். டிரைவர் தயங்கினார்.

"துரை கேட்டா நான்தான் எடுக்கச் சொன்னதெண்டு சொல்லு. எடு வண்டிய."

மாமாவை லாரியில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். அம்மாவும் டிரெசரும் பின்னால் ஏறினார்கள். நான் மாமாவின் கையை விடாததால் என்னையும் தூக்கிப் போட்டார்கள்.

"பிள்ளை, அவரோட கதைச்சுக்கொண்டே இரு. மறுமொழி வராட்டி உடனே எனக்குச் சொல்லு" என்றார் டிரெசர்.

அம்மா பேரு என்ன, நம்ம பசு என்ன நிறம் என்றெல்லாம் கேட்டேன். முதலில் பதில் வந்தது. பிறகு முனகல். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கை நெருங்கும்போது அதுவும் நின்றது.

"மாமா பேசலை" என்றேன். லாரி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். டிரெசர் முன்பக்கத் தகரத்தை இரண்டு கையாலும் அடித்து, "கெதியாப் போ" என்றார். அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஈப்போவில் மண்டையோட்டைத் துளைத்து, கட்டிய ரத்தத்தை எடுத்தார்கள். மாமா பிழைத்தார். அதை எங்களுக்குச் சொல்ல வெளியே வந்த டிரெசர், சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். யாரோ காப்பி கொடுத்தார்கள். குவளை அவர் கையில் ஆடிய ஆட்டத்தில் பாதி காப்பி கால்சட்டையில் சிந்தியது.

"அம்மா, டிரெசருக்குக் குளிர்காய்ச்சல். கொய்னா மருந்து குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோட்டத்தில் எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தானே, இதில் சிரிக்கவும் அழவும் என்ன இருக்கிறது என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.