ஆக்டோபஸ் இருந்த உபவாசம்

என் மாமாவுக்குப் பெண் கிடைக்காமல் போனதற்குக் காரணம் கடல். அம்மா அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே தம்பி அவர்; கடற்படையில் முக்குளிப்பவராக அந்தமானில் இருந்தார். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் போகிற வேலை என்று கேட்டதும், ஆசையாக ஜாதகம் வாங்கியவர்கள் அதை அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் இப்படிச் சில இடங்கள் தட்டிப்போன பிறகு, புனேயிலேயே ஒரு பெண் இருப்பதாக அப்பாவின் ஆபீஸில் யாரோ சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். நாங்கள் அப்போது புனேயின் கோந்த்வாவில், இன்னும் பெயின்ட் வாசனை போகாத ஒரு பிளாட்டில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு.

பெண் ஊருக்கு நடுவே கேம்ப் என்கிற பகுதியில் தன் அம்மாவோடு இருந்தாள். டிகிரி, பேங்க்கில் வேலை. இதற்கு மேல் அம்மா எதுவும் விசாரிக்கவில்லை. அப்பா இல்லாத பெண். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மாவைத் தன்னோடுதான் வைத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்ததில் அவளுக்கும் வந்த வரன்கள் நின்றுபோயிருந்தன. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு குறை இருந்ததில் அம்மாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் நம்பிக்கை.

மாமா லீவில் வந்து இறங்கிய அன்றே எனக்கு ஒரு புதிர் போட்டார். அவரும் நண்பர்களும் முங்குகிற இடத்தில் ஒரு பாறைப் பொந்து. அதற்குள் ஒரு ஆக்டோபஸ். இவர்களைக் கண்டால் ஒரு கையை நீட்டி விரலைத் தொட்டுப் பார்க்கும். நண்டு கொடுத்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போகும். திடீரென்று ஒருநாள் அது வாசலில் கற்களை அடுக்கி அடைத்துக்கொண்டது. நண்டை நீட்டினால் தள்ளிவிட்டது. இறாலைக் கொடுத்தாலும், சிப்பியைக் கொடுத்தாலும் அதே கதைதான். உடம்புக்கு வந்துவிட்டதா, இவர்கள்மேல் கோபமா என்று யாருக்கும் புரியவில்லை. வெளுத்து, இளைத்து, உள்ளேயே கிடந்தது.

"ஏன் அப்படிப் பண்ணுச்சு? சொல்லு பாக்கலாம், அம்மிணி."

நான் யோசிக்கவே இல்லை. "சங்கஷ்டி உபவாசம்!" என்றேன். நான் காக்கு என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்தி அத்தை மாதாமாதம் சங்கஷ்டி சதுர்த்தியன்று நிலா வரும்வரை சோறு தொடமாட்டார். நடுவில் அவர் செய்யும் ஜவ்வரிசிக் கிச்சடியில் பாதி எனக்கு வந்துவிடும் என்பதால் அந்த விரதத்தின்மேல் எனக்கு நிரம்ப மரியாதை.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விடையைச் சொன்னார். பொந்தின் கூரையில் முட்டைகள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் அழுக்குப் படியாமல் அது இரவும் பகலும் தண்ணீரை ஊதிக்கொண்டே இருந்தது. குஞ்சுகள் பொரித்து வெளியே மிதந்து போன பிறகு இவர்கள் போய்ப் பார்த்தபோது, தாய் வாசலிலேயே செத்துக் கிடந்தது.

அன்று நான் சாப்பிடமாட்டேன் என்று அழுத அழுகையில், அம்மா தம்பியைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"பொண்ணு வீட்டுல போயி கடலு கிடலுன்னு வாயத் தொறந்தீன்னா பாத்துக்கோ. நேவில வேலைன்னு சொல்லு, போதும்."

தடை மாமாவுக்குத்தான். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

பெண் பார்க்கப் போன கேம்ப் வீட்டில் பஜ்ஜிக்குப் பதிலாகப் பட்டாட்டா வடை வந்தது. பெண்ணின் அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நேரத்தில் அவர் என்னிடம், "மாமா உனக்கு என்ன கொண்டு வந்தார், பேட்டா?" என்று கேட்டார். ஆக்டோபஸ் கதை என்றேன். கேட்டதுதான் தாமதம், உபவாசத்தில் தொடங்கி, முட்டை பொரித்தது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அதற்குள் அம்மாவின் விரல்கள் என் தொடையை எட்டிவிட்டன.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "அத்தனை நாளும் ஒண்ணும் சாப்பிடாமயே இருந்துதா?" என்றார். "இவ அப்பா போனப்போ இவ கைக்குழந்தை. நானும் அப்படித்தான் இருந்தேன், ஸ்கூலு, டியூஷன், இவ. வேற எதுவும் தெரியாது." பிறகு மாமாவிடம் திரும்பினார். "அப்புறம் அந்தத் தாய் என்ன ஆச்சு, தம்பி?"

மாமா அவரையே ஒரு நிமிடம் பார்த்தார்.

"அதுக்கென்னங்க, நல்லா இருக்குதுங்க. குஞ்சுங்க போனதுக்கப்புறம் கல்லைத் தள்ளிட்டு வெளிய வந்துச்சு. நண்டு குடுத்தேன், வாங்கித் தின்னுச்சுங்க. இன்னும் அதே பாறையிலதான் இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஒரு வேளைச் சோற்றை விட்டுவிட்டு அழுதது எதற்காக? வாயைத் திறந்தேன், அம்மா கிள்ளிய கிள்ளில் சத்தமே வரவில்லை. அதுவரை குனிந்தே இருந்த பெண் அப்போதுதான் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். பார்வையை எடுக்கவும் இல்லை.

ஆட்டோவில் வீடு வரும்வரை அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறித் திட்டினாள். மறுநாள் காலையில் போன் வந்தது. அவர்களுக்குச் சம்மதம். பெண்ணின் நிபந்தனையை அவர்கள் சொல்லத் தொடங்குவதற்குள் மாமா, "அம்மாவும் எங்ககூடத்தான் வருவாங்க, அதுல என்னங்க" என்றுவிட்டார். அம்மா போனைப் பிடித்தபடியே அழுதாள். நானும் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு நல்ல பெண்ணைப் பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார்களே என்ற பாரம் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கல்யாணம் முடிந்து மூவரும் அந்தமானுக்குக் கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். புது அத்தையைத் தனியாகப் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவையும் சாத்திக்கொண்டேன்.

"அத்தை, மாமா அன்னிக்குச் சொன்னது பொய். அது செத்துப்போச்சு."

"தெரியும்டா கண்ணா. நான் எம்.எஸ்ஸி. ஜுவாலஜி. முட்டை பொரிஞ்சதும் அது செத்துடும்."

நான் திகைத்துப்போனேன். "தெரிஞ்சுமா மாமாவைக் கட்டிக்கிட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான்" என்றார் அத்தை. உள்ளே அவருடைய அம்மா மாமாவின் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி, போதும் போதும் என்று அவர் கெஞ்சக் கெஞ்சச் சிரித்துக்கொண்டிருந்தார். பேங்க் வேலை வரைக்கும் பார்க்கிற ஒருவருக்கு இவ்வளவு சின்ன விஷயம் புரியவில்லையே என்று நான் அத்தையை நினைத்து வருத்தப்பட்டேன்.